பெட்டிக்கு வைத்த பெயர்

நடந்தது இந்த வரிசையில்:

1. எங்கள் கல்லூரி வளாகம் முழுவதும் வயர்லெஸ் இணையப் பெட்டிகளைப் பொருத்தினோம்.
2. ஊழியர் குடியிருப்பில் ஒவ்வொரு பெட்டிக்கும், அது மாட்டியிருக்கும் வீட்டில் வசிப்பவரின் பெயரையே வைத்தோம்.
3. மாணவர்கள் மடிக்கணினியோடு வளாகத்தைச் சுற்றி நடந்து, எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் செய்தார்கள்.
4. கல்லூரி அதைத் தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது.
5. நூலக அக்கா தன் பெயரை எடுக்கச் சொன்னார்.
6. காரணம் கேட்டார்கள்.

அப்போது நான் பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டிய அந்தக் கல்லூரியின் கணினி மையத்தில் வேலை பார்த்தேன். ஊழியர் குடியிருப்பு வீடுகளுக்கு எண்கள் உண்டு. வெள்ளையடிக்கும்போதெல்லாம் அவற்றை மாற்றி எழுதியதில் பழைய எண்ணைச் சிலரும் புதிய எண்ணைச் சிலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எலெக்ட்ரீஷியனுக்கும் பால்காரருக்கும் அது பிசிக்ஸ் சார் வீடு, டைப்பிஸ்ட் அம்மா வீடு, அவ்வளவுதான். பெட்டி பழுதானால் ஏணியைத் தூக்கிக்கொண்டு சரியான சுவரைத் தேடிப் போக வேண்டுமே. அதனால் சம்பளப் பட்டியலில் உள்ளபடி, முதலெழுத்தோடு முழுப் பெயரையும் பெட்டிகளுக்கு வைக்கச் சொன்னார் எங்கள் சிஸ்டம்ஸ் சார். வேலைக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. மடிக்கணினியைத் திறக்கும் எவருக்கும் அந்தப் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன.

வரைபடத்தை வெளியிடுவது பற்றிய கூட்டத்தில் நான் மூன்று ஆட்சேபங்கள் சொன்னேன். சுற்றுச்சுவருக்கு வெளியே எங்கெல்லாம் சிக்னல் கிடைக்கிறது என்று வெளியாருக்குத் தெரியும். எந்தப் பெட்டிக்குக் கடவுச்சொல் இல்லை என்று தெரியும். யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று தெரியும். முதல் இரண்டையும் சார் குறித்துக்கொண்டு சரிசெய்தார். மூன்றாவதற்குச் சிரித்தார். பெங்களூர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் கன்னடம் தானாகக் கலந்து வரும்.

“பேரு தெரிஞ்சா என்னம்மா? வாசல்ல போர்டு மாட்டறதில்லையா? சும்னே டென்ஷன் பண்ணிக்கற நீ.”

நூலக அக்காவின் வாசலில் போர்டு இல்லை. கல்லூரி மலருக்குப் படம் எடுக்கும் நாளில் அவர் விடுப்பில் இருப்பார். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். இடது மணிக்கட்டு சரியாக மடங்காது. கனமான புத்தகங்களை வலது கையால்தான் தூக்குவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அவரோடு உட்காருவேன். என்னைக் கண்டாலே வம்புக்கு இழுப்பார்.

“இன்னாம்மா இன்ஜினியரு, உன் பொட்டி வந்ததுல இருந்து ஒருத்தனும் உள்ள வர்றதில்ல. எல்லாம் வெளிய படியில குந்திக்கினு கெடக்குதுங்க. என் புஸ்தகத்துக்கும் ஒரு சிக்னல் வெச்சுக் குடேன்.”

வரைபடம் வெளியான வாரத்தில் ஒரு நாள் அவர் சிரிக்கவில்லை. நூலகக் கணினியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். தன் வீட்டின் மேல் விரலை வைத்தபடி கேட்டார்: “இத வெளியாளுங்களும் பாக்கலாமா?”

“யார் வேணும்னாலும் பாக்கலாம்க்கா.”

“என் பேர அடிச்சுத் தேடுனா?”

தேடிக் காட்டினேன். முதலில் வந்தது எங்கள் வரைபடம்தான். வேறெதுவும் வரவில்லை. அந்த மனுஷி தன்னைப் பற்றி உலகத்தில் ஒரு வரிகூட விட்டுவைக்காமல் வாழ்ந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவருடைய கணவன் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். எங்கள் கல்லூரி இருக்கும் அதே சாலை, அதே பஸ். மணிக்கட்டை முறித்தது அவன்தான். “நான் பெங்களூர்ல கீறேன்னு அவனுக்குத் தெரியும். எங்கன்னு தெரியாது. அது தெரியாததாலதான் நான் உசுரோட கீறேன்,” என்றார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஊரெல்லாம் தெரிஞ்சா அப்புறம் ஒளிஞ்சு இன்னா பிரயோஜனம்?”

அன்று பிற்பகலே அவர் வீட்டுப் பெட்டியின் பெயரை மாற்றினேன். வரைபடம் என் கையில் இல்லை. அது இணையதளக் குழுவின் பொறுப்பில் இருந்தது. அவர்களிடம் போனால், நீக்கக் கோருபவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், குழு கூடிப் படித்து முடிவு செய்யும் என்றார்கள். எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டு எண் போட்டுவிடலாமே என்று சாரிடம் கேட்டேன். அவர் யோசித்தார். அடுத்த மாதம் ஆய்வுக் குழு வரவிருந்தது. அவர்களுக்குக் காட்டுவதற்கென்றே கல்லூரி அந்த வரைபடத்தைப் பெருமையாக முகப்பில் போட்டிருந்தது.

“இன்ஸ்பெக்‌ஷன் ஆயிடட்டும்மா. அப்புறம் எல்லாத்தையும் மாத்திடலாம். அதுக்குள்ள அவங்களுக்கு அவசரம்னா ரெண்டு வரி எழுதிக் குடுக்கச் சொல்லேன். என்ன கஷ்டம்?”

அவர் கெட்ட மனிதர் அல்லர். விஷயம் தெரிந்திருந்தால் அந்த நிமிஷமே எடுத்திருப்பார். தெரிவிக்கும் உரிமை என்னிடம் இல்லை. அக்காவிடம் போய்ச் சொன்னேன். நான் நீட்டிய வெள்ளைத் தாளைக் கையில் வாங்கி, எழுதாமலே திருப்பிக் கொடுத்தார். “மறைச்சுக் குடுங்கன்னு கேட்டா, முதல்ல தொறந்து காட்டுன்றாங்க. நல்லா கீது உங்க சட்டம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசல் காவலரிடம் ஒரு ஆள் வந்து நின்றிருக்கிறான். தன் பெயரைச் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கடைசி வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறான். வரைபடத்தில் அக்காவின் பெயர் இருந்த வீடு அது. பார்வையாளர் நாள் இல்லை என்று காவலர் திருப்பி அனுப்பிவிட்டு, அக்காவிடம் தகவலாகச் சொன்னார்.

திங்கட்கிழமை நூலகம் திறக்கவில்லை. சாவி, வீட்டுச் சாவியோடு சேர்த்து, காவலர் அறையில் இருந்தது.

ஆய்வுக் குழு வந்து வரைபடத்தைப் பாராட்டிவிட்டுப் போனது. சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெட்டிகளுக்கு இப்போது எண்கள்தான். இணையதளத்தில் அந்தப் பக்கம் இல்லை. ஆனால் அதைப் படியெடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுக்கொண்ட மாணவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அக்கா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் தேடிப் பார்க்கவில்லை.