காலி சர்வரில் குடியேறிய லப்பைக்குடிக்காடு

சபுரா அக்கா இறந்துவிட்டார். இன்று அதிகாலை, திருச்சி ஆஸ்பத்திரியில். மஞ்சள் காமாலை முற்றிப்போய்த்தான் கொண்டுபோயிருக்கிறார்கள்.

சாயங்காலம் அடக்கம். கிளம்புவதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன்... அப்புறம் எழுத மாட்டேன்.

லப்பைக்குடிக்காட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். கல்ஃபிலிருந்து தெருப் பெண்கள் எல்லோருக்கும் போன் அங்கேதான் வரும். அவருக்கு மட்டும் வராது.

வீட்டுக்காரர் சவூதியில். கம்பெனி மாறினார் என்றார்கள், விசா பேப்பர் இல்லாமல் இருக்கிறார் என்றார்கள். போன் நின்றே போயிருந்தது. அவருக்கு மெயில் அனுப்பத்தான் பெரம்பலூரில் என் பிரவுசிங் சென்டருக்கு அக்கா முதலில் வந்தார்.

அப்போது நான் போனில் யாரிடமோ, போட்ட பணம் வீணாகிறதே என்று கத்திக்கொண்டிருந்தேன். வெப்சைட் செய்துகொடுத்துப் பெரிய ஆளாகிவிடலாம் என்று அமெரிக்க சர்வரில் ஒரு வருடத்துக்கு இடம் பிடித்திருந்தேன். வந்தது ஒரே கஸ்டமர், அரியலூரில் சிமெண்ட் லோடு அடிக்கும் ஒரு லாரி ஆபீஸ். மிச்ச இடம் முழுக்கக் காலி.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏந்தம்பி, வூட்டப் புடிச்சுப் பூட்டி வச்சிருக்கீங்க. எங்கூரு புள்ளைங்களக் குடி வைக்கலாம்ல?"

அப்படித்தான் ஆரம்பித்தது.

அவரிடம் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. நல்லாயிருந்த காலத்தில் வீட்டுக்காரர் கொடுத்துவிட்டது. வீடு வீடாகப் போய் எடுப்பார். அப்பா இன்னும் பார்க்காத குழந்தை, பாதி எழும்பிய மாடி, ஆட்டுக்குட்டி... மெமரி கார்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவார். நான் சைஸைக் குறைத்து ஏற்றிவிடுவேன்.

ஒரே ஒரு கண்டிஷன். வயசுக்கு வந்த பெண்கள் படம் கூடாது. "எவன் எவன் பாப்பானோ, வேணாம் தம்பி." தன்னையும் சேர்த்துத்தான்.

அதோடு வீட்டுக்கு ஒரு ஃபோல்டர், பாஸ்வேர்ட் போட்டு. பாஸ்வேர்டை அக்காவே முடிவு பண்ணினார். அங்கேதான் கோட்டை விட்டார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டின் பட்டப்பெயரையே வைத்துவிட்டார். சங்கிலியார் வீட்டுக்கு சங்கிலியார், தகரக்கடையார் வீட்டுக்குத் தகரக்கடையார். ஊர் முழுக்கத் தெரியுமே அக்கா, இதெல்லாம் ஒரு பாஸ்வேர்டா என்று எகிறினேன். வெளியாளுக்குத் தெரியாதுல்ல, அது போதும் என்றார்.

விளைவு, துபாயில் ஒரு ரூமில் இருந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அத்தனை ஃபோல்டரையும் திறந்து பார்த்தார்கள். சங்கிலியார் வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது, எங்கள் வீட்டுப் படம் மட்டும் ஏன் வரவில்லை என்று எனக்கே மெயில் வந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஆனால் அவர் வாராவாரம் வந்தது அதற்கு இல்லை.

அவருடைய ஃபோல்டரில் மகள் நஸ்ரின் படங்கள். எந்த நாட்டிலிருந்து எந்த ஃபோல்டரைத் திறந்தார்கள் என்று சர்வர் கணக்கில் தெரியும். கார்டைக் கொடுத்ததும் கேட்பார், எங்க வூட்டுதை யாராச்சும் தொறந்தாங்களா என்று.

இல்லைக்கா என்பேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது. அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். மறுவாரமும் நஸ்ரின் படம் வரும்.

பல மாதம் கழித்து ஒருநாள்... திறந்திருந்தது. சவூதியிலிருந்து.

சொன்னதும் அக்கா மானிட்டருக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "அவருதானா தம்பி?"

"நாடுதான்க்கா தெரியும். ஆளு தெரியாது. உங்க பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும், யாரு வேணாலும் தொறந்திருக்கலாம்."

"அப்ப அவராவும் இருக்கலாம்ல?"

இருக்கலாம் என்றேன்.

ரெண்டு வாரம் கழித்து, வருகிற நாள் இல்லாத ஒரு நாளில் வந்தார். தீப்பெட்டி இல்லை, படம் இல்லை. பூத்துக்கு அவருக்கே போன் வந்ததாம். எடுத்ததும் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "புள்ளைக்கு முன்பல்லு மொளச்சிருச்சா?"

பல் விழுந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. படத்தில்தான் இருந்தது.

அன்றைக்குப் பஸ் ஏறி வந்ததே இதைச் சொல்வதற்காகத்தான். சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இன்று காலை என் செல்லுக்கு ஒரு வெளிநாட்டு நம்பர்.

"தம்பி, நான் நஸ்ரினோட அத்தா பேசுறேன்..."

பேப்பர் இன்னும் சரியாகவில்லை. வர முடியாது. மகள் படமெல்லாம் இருக்கிறது, சபுரா படம் ஒன்றாவது இருக்குமா என்று கேட்டார். கடைசியாகப் பார்த்த முகம் மங்கிக்கொண்டே வருகிறதாம்.

இல்லை என்றேன். பழக்கதோஷம், பட்டென்று வந்துவிட்டது. "பரவால்ல தம்பி" என்றார்.

அப்புறம் உட்கார்ந்து தேடினேன். சைட்டில் இருப்பதை இல்லை, குறைக்காமல் ஹார்ட் டிஸ்க்கில் கிடந்த ஒரிஜினல்களை. ஒவ்வொன்றாக, பெரிதாக்கிப் பெரிதாக்கி.

பெருநாள் பாவாடையில் நஸ்ரின் பீரோ முன்னால் நிற்கும் படம் ஒன்று. பீரோ கண்ணாடியில், பின்னால், அக்கா. ஒரு கண்ணைக் கேமரா மறைத்திருக்கிறது. முக்காடு நழுவியிருக்கிறது. மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே எடுத்திருக்கிறார், வாய் பாதி திறந்து...

அக்கா தெரியும் இடத்தை மட்டும் வெட்டினேன். வெளிச்சம் கொஞ்சம் கூட்டினேன். சர்வரில் ஏற்றவில்லை, நஸ்ரினின் அத்தாவுக்கு மட்டும் மெயிலில் அனுப்பினேன்.

ரூமில் ஒருவரிடம் கம்ப்யூட்டர் இருக்கிறதாம். சற்று முன் இங்கிலீஷ் எழுத்தில் ஒற்றை வரி பதில் வந்தது. கேமராவைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்திருக்கக் கூடாதா என்று.

சபுரா அக்கா... அவர் பார்த்துவிட்டார். போய் வாருங்கள்.