தங்கைக்கு அங்கே இன்னொரு அக்கா

படி இறங்க இறங்க ஈரமண் வாசம் மூக்கில் ஏறியது. வெளியே வெயில் கொளுத்தியது... உள்ளே முதுகு சில்லிட்டது.

சீனாவில் இரண்டாயிரம் வருடப் பழைய கல்லறை அது. தோண்டிய குழிக்கு மேலேயே கூரை போட்டு மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். படிக்கப் போன என் தங்கை சுபா, அங்கேயே வேலை எடுத்துத் தங்கிவிட்டாள். கோவிட்டுக்கு முந்தைய கோடையில் அவளைப் பார்க்க மொன்ட்ரியாலிலிருந்து போயிருந்தேன்.

குழியைச் சுற்றி அடுக்கிய மரக்கட்டைகள் கறுத்திருந்தன, ஆனால் உளுத்துப்போகவில்லை. நடுவில் யாரோ ஒரு பிரபுவின் மனைவியின் சவப்பெட்டி. சுபா ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை...

மெய் வரும்வரை.

மெய் அவளோடு வேலை செய்பவள். என் வயதுதான் இருக்கும். வந்ததும் வராததுமாக சுபாவின் சட்டையில் கழுத்துப் பட்டனைப் பூட்டிவிட்டாள். குளிராம்!

"மெய் ஜியே, மெய் ஜியே" என்று சுபா அவள் பின்னாலேயே போனாள்.

"ஜியே எண்டா என்னடி?"

"அக்கா எண்டு அர்த்தம், அக்கா."

அப்போ நான் யார்? அம்மா ஃபேக்டரிக்குப் போன நாட்களில், மொன்ட்ரியால்-நோர் பனியில் இவளைத் தூக்கிக்கொண்டு கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்துக்கு நடந்தவள் நான்...

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் மெய் மீனில் முள் எடுத்து சுபாவின் கிண்ணத்தில் வைத்தாள். அது என் வேலையல்லவா! நானும் ஒரு துண்டை இழுத்து முள் பிடுங்கத் தொடங்கினேன். கிண்ணம் மலை மாதிரி நிறைந்தது.

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ, வயிறு வெடிக்கப் போகுது!"

அதையே சீனத்திலும் சொன்னாள். மெய் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும் நாள் எயார்போர்ட்டில் கேட்டேன்.

"மொன்ட்ரியாலுக்கே வந்திடன். அங்கயும் மியூசியம் இருக்குத்தானே?"

"என்ர கல்லறை இஞ்சதானே அக்கா இருக்கு."

"வாயைக் கழுவு!"

போன மாரியில் ஒருநாள் காலை, லொங்குய்யில் இருக்கும் ஒஃபிசுக்குப் போக மெட்ரோவுக்கு நின்றேன். வீடியோ கோல் வந்தது. திரையில் மெய். அவளுக்குப் பின்னால் கட்டிலில், போர்த்திக்கொண்டு சுபா. காய்ச்சல்.

மெய்க்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. கஞ்சிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். வெறும் கிண்ணம்.

"குடிச்சிட்டாளா?" என்று வாயருகே கையைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

தலையாட்டினாள். "மெர்சி" என்றேன்... அவசரத்துக்கு வாயில் அந்தப் பிரெஞ்சு நன்றிதான் வந்தது.

முந்தியெல்லாம் காய்ச்சல் என்றால் சுபா என் மடியை விட்டு எழும்பமாட்டாள். இப்போது நான் ஒரு பெருங்கடலுக்கு இந்தப் பக்கம்...

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். மெய் குனிந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தக் கை என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா?