வேட்டியில் பட்ட வெயில்

ஃபிளாஷ் எனக்கு ஆகாது. கேமராவின் தலையிலிருந்து நேராகப் பாயும் வெளிச்சம் மூக்கு, கன்னம், நெற்றி எல்லாவற்றையும் ஒரே மாவாகப் பிசைந்துவிடும். முகம் என்றால் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் கொஞ்சம் நிழலும் வேண்டும். நிழல் இருந்தால்தான் ஆள் உயிரோடு இருப்பது தெரியும். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே தெரணியகலையில் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லி உயிரை வாங்கியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு காலை, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒருவர் கடைக்கு வந்தார். முந்தின நாள் அவர் மனைவி இறந்திருந்தாள். பெண் பிள்ளை பெற்ற சில நாளில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் தோட்டங்களில் சவப்பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நிற்க ஒரு படம் எடுப்பது வழக்கம். அதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஃபிளாஷை எடுத்தேன்.

"எல்லாரும் நிக்கிற படம் மட்டும் போதாதுண்ணே," என்றார். "அவள ஒரு தடவகூட போட்டோ புடிச்சதில்ல. கல்யாணத்துலயும் இல்ல. பொம்பளப்புள்ள பெரிசாகி அம்மா எப்படி இருந்தாங்கனு கேட்டா காட்ட ஒண்ணு வேணும். செத்த மாதிரி தெரியக் கூடாது."

கேமராவையும் ஃபிளாஷையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். என்னால் முடியும் என்ற திமிரும் கூடவே வந்தது.

தோட்டத்து வரிசை வீடுகளில் அவர்களுடைய ஒற்றை லயக் காம்பராவில் பெட்டி தெற்கே தலை வைத்துக் கிடந்தது. ஒரே கதவு, அது வடக்கே. வெளிச்சம் கால்மாட்டிலிருந்து ஏறி முகவாய்க்கு அடியில் விழுந்தது. அப்படி விழுந்தால் எந்த முகமும் பேய் முகம்தான். பெட்டியைக் கொஞ்சம் திருப்பலாமா என்று கேட்டேன். இறந்தவளின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தலமாட்ட மாத்தச் சொல்ல நீங்க யாருங்க?" என்றார்.

பெட்டி திரும்பாவிட்டால் வெயிலைத்தான் திருப்ப வேண்டும். ரப்பர் பால் உறையவைக்கும் அலுமினியத் தட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, சாம்பல் போட்டுத் தேய்க்க வைத்தேன். பெட்டிக்கு இடப்பக்கம் கரிபிடித்த சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினேன். கணவரை வாசலில் நிறுத்தி, தட்டில் வெயிலைப் பிடித்து வேட்டியின் மேல் அடிக்கச் சொன்னேன். வேட்டியில் பட்ட வெயில் மென்மையாகி, பக்கவாட்டில் அவள் முகத்தில் இறங்கியது. இரண்டு மூன்று படம் எடுத்தேன்.

தட்டைப் பிடித்த கை தளர்ந்திருக்க வேண்டும். வேட்டியில் வெளிச்சம் ஆடியது. அவள் கன்னத்து நிழலும் ஆடியது, உதடு நெளிந்தது போல இருந்தது. தட்டு சிமெந்தில் விழுந்த சத்தம் கேட்டது. அவர் உள்ளே ஓடிவந்து அவள் மூக்கில் தன் கன்னத்தை வைத்தார்.

"அசைஞ்சா. நான் பாத்தேன். அசைஞ்சா."

ஒப்பாரி நின்றுவிட்டது. வெளிச்சம்தான் ஆடியது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாலு பேர் சேர்ந்துதான் அவரைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு வழக்கம்போல எல்லாரையும் பெட்டியைச் சுற்றி நிற்கவைத்து, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தேன். பெட்டியை மூடித் தூக்கிப் போனார்கள்.

சில நாள் கழித்து அவர் வந்தபோது படங்களை மேசையில் வைத்தேன். வேட்டி வெளிச்சத்தில் எடுத்தது, என் தொழிலில் அதைவிட நல்ல முகம் எனக்கு வாய்த்ததில்லை. கன்னம் கன்னமாக இருந்தது. யாராவது கூப்பிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று தோன்றியது. அவர் அதன்மேல் குனிந்து பார்த்தார்.

"உசுரு இருக்குதேண்ணே," என்றார். "இருக்கப்பவே பெட்டிய மூட விட்டுட்டேனா?"

தட்டு, வேட்டி, பக்கவாட்டு நிழல் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அதே வார்த்தைகள்தான். அவர் காதில் ஏறவில்லை. அந்தப் படத்தைக் குப்புறக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார்.

ஃபிளாஷ் படத்தை எடுத்தார். சொந்தக்காரர்களுக்கு நடுவே அவள் முகம் மாவாக வெளுத்துக் கிடந்தது.

"இதுல செத்துத்தான் இருக்கா," என்று சொல்லி, மகளுக்குக் காட்ட அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.