நாலாத் தண்ணீரில் சமைத்த விருந்து

அறுபதுகளின் கடைசியில் நான் போர்ட் பிளேர் மருத்துவமனையில் நர்ஸ். ஒரு மார்ச் மாதம், வயிற்றுப்போக்கில் துவண்டுபோன குழந்தையைத் தூக்கிவந்த தாயிடம், தண்ணீரைக் கொதிக்கவைத்து நிறையக் கொடு என்று வழக்கம்போலச் சொன்னேன். அவள் கோபப்படாமல்தான் கேட்டாள்.

"எந்தத் தண்ணிய சிஸ்டர்?"

அவளும் நானும் ஜங்லிகாட் பகுதியில் ஒரே தெருக்குழாயில் வரிசை நிற்பவர்கள். ஜனவரியில் மழை விட்டால் மே வரைக்கும் அந்தக் குழாயில் அரை மணி நேரம் நூல்போல வரும். மற்ற மாதங்களில் மழை கொட்டித் தீர்க்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டிலிருந்து மழைநீர் ஓடை ஒன்று இரைந்துகொண்டு இறங்கி நேராகக் கடலில் விழும். எல்லோரும் அதை இந்தியில் நாலா என்போம்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். தூத்துக்குடிக்காரர்; என்னோடு கப்பலேறி வந்தவர். அன்று மாலை அவரிடம் இதைச் சொல்லி, நாலாவை மேலேயே மறித்தால் என்ன என்று கேட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் மேட்டில் ஏறிப் பார்த்தோம். மேலே வீடில்லை, மாடில்லை, வெறும் காடும் பாறையும்தான். அவர் பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டு, தொட்டி நிற்கும் என்றார்.

எங்கள் பகுதியைக் கவனித்த என்ஜினியர் மதுரைக்காரர். சிமெண்டும் கம்பியும் தர அவருக்கு மனமிருந்தது. சந்தேகம் வேறு.

"நாலாத் தண்ணிய ஜனங்க குடிப்பாங்களா சிஸ்டர்? அதச் சொல்லுங்க மொதல்ல."

குடிப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

வங்காளிகளும் தெலுங்கர்களும் மலையாளிகளுமாகச் சந்து முழுக்க வேலைக்கு வந்தது. முதல் மழையின் அழுக்கெல்லாம் கடலுக்கே போகும்படி ஒரு பலகை மடை வைத்தார் என் வீட்டுக்காரர். அதற்கப்புறம் வரும் தண்ணீர் கூழாங்கல், மணல், கரி என்று மூன்று அடுக்கில் இறங்கி வடிந்து தொட்டிக்குள் போகும். அந்தக் கரியை ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்து சலித்தவள் நான்.

செப்டம்பரில் தொட்டி நிரம்பியது. ஒருவரும் குடிக்கவில்லை. துணி துவைத்தார்கள், பாத்திரம் கழுவினார்கள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, கால் கழுவுகிற தண்ணீரை வாயில் எப்படி ஊற்றுவது என்று தன்மையாகவே கேட்டார். பிளீச்சிங் பவுடர் போட்டு, மருத்துவமனையில் சோதித்து, நல்ல நீர் என்று எழுதி வாங்கிய தாளைத் தொட்டிச் சுவரில் ஒட்டினேன். அதையும் யாரும் மதிக்கவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் அதைக் காய்ச்சிக் குடித்தோம்.

நவம்பரில் மகள் பிறந்தாள். டிசம்பரில் ஞானஸ்நானம். வீடு வீடாகப் போய் அழைக்கும்போதே, சோறும் குழம்பும் டீயும் நாலாத் தண்ணீரில்தான் என்று சொல்லிவிட்டேன். மறைத்து வைத்துப் பிறகு சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. இப்படிச் சொன்னால் யார் வருவார்கள் என்று வீட்டுக்காரர் கவலைப்பட்டார். எனக்கும் பயம்தான்.

முதலில் வந்தது வங்காளி அக்கா. குழந்தையைக் கையில் வாங்கி உச்சி முகர்ந்தார். டீ வேண்டாம், தண்ணீர் கொடு என்றார். காய்ச்சி ஆறவைத்ததை டம்ளரில் கொடுத்தேன். பின்னால் வந்தவர்கள் வாசலிலேயே நின்று பார்த்தார்கள். அவர் நிதானமாகக் குடித்து முடித்தார்.

"மீட்டா பானி ஹை," என்றார். நல்ல தண்ணீர்தான் என்று அர்த்தம். பிறகு இன்னொரு டம்ளர் கேட்டார்.

மறுநாள் காலை தொட்டியடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. அடுத்து வந்த மார்ச்சில் தெருக்குழாய் வறண்டபோது எங்கள் சந்து தவிக்கவில்லை. எங்கள் சந்துக் குழந்தை எதுவும் வயிற்றுப்போக்கென்று என் வார்டுக்கு வரவும் இல்லை.

ஏப்ரலில் என்ஜினியர் மெயின்லேண்டிலிருந்து வந்த பெரிய அதிகாரியைக் கூட்டிவந்தார். அந்த அதிகாரி மடையையும் மணலடுக்கையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இது யார் யோசனை என்று கேட்டார். எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் சட்டைக்கையில் சிமெண்டு காய்ந்திருந்தது.

"கட்டுனது நானுங்கய்யா. யோசன இவளோடது," என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். இடுப்பில் குழந்தை இருந்ததால் ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தேன். அடுத்த மாதமே, ஊருக்கு வெளியே கராச்சர்மாவில் இதேபோல ஒரு தொட்டி கட்ட என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். இடம் பார்க்க நானும் பஸ் ஏறினேன்.