காண்டாமிருகம் எப்படி வருத்தப்படும்?

முன்னால் ஏறிக்கொண்டிருந்த பருத்த மனிதர் மாடிப்படி நடுவில் நின்று, கைப்பிடியைப் பற்றி, தொப்பையை ஒருபக்கம் சாய்த்து மூச்சு வாங்கினார். இரண்டு படி கீழே கார்ட்டூன் அக்காவும் நின்று, கைப்பிடியைப் பற்றி, இல்லாத தொப்பையை ஒருபக்கம் சாய்த்து மூச்சு வாங்கினாள். அவர் சட்டென்று திரும்பியதும் கைப்பைக்குள் சாவி தேட ஆரம்பித்தாள். இந்தக் குடியிருப்பில் யார் திரும்பிப் பார்த்தாலும் அவள் சாவிதான் தேடிக்கொண்டிருப்பாள். பாவம், மறதி அதிகம் என்று எல்லாரும் அனுதாபப்படுகிறார்கள்.

ஐந்தாறு நிமிட அனிமேஷன் படங்கள் எடுப்பது அவள் தொழில். வீட்டின் சின்ன அறைதான் ஸ்டுடியோ. சரிந்த மேஜை, விளக்கு, கணினி, முகம் பார்க்க ஒரு கண்ணாடி. அதில் அவள் அழகு பார்ப்பதில்லை. கோபப்பட்டுப் பார்ப்பாள், கொட்டாவி விட்டுப் பார்ப்பாள், வராத தும்மலைத் தும்மிப் பார்ப்பாள். திரையில் ஒரு விநாடி ஓடப் பன்னிரண்டு ஓவியம் வேண்டும் என்பதால் ஒரு தும்மலுக்கு அரைநாள் போய்விடும். தும்மி முடித்துவிட்டுச் சாப்பிட வருகிறேன் என்று அவள் சொன்னால் வீட்டில் யாரும் காத்திருப்பதில்லை.

கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. மழைக்குப் பயப்படும் குடை ஒரு படம். மேலும் கீழுமாகப் போய் அலுத்து, ஒருநாளாவது பக்கவாட்டில் போக ஆசைப்படும் லிஃப்ட் இன்னொரு படம். ஜன்னல் விளிம்பில் பாகப்பிரிவினை செய்துகொள்ளும் புறாக்கள், வரிசையைத் தவறவிட்ட எறும்பு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் நடித்திருப்பது ஒரே ஆள்: அவள் கணவர். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவர், முத்திரை குத்துமுன் முத்திரைக்கட்டையை ஒருமுறை ஊதுவார். எறும்பும் சர்க்கரையைத் தூக்குமுன் ஊதியது. தொலைபேசியில் பேசுமுன் இரண்டு தடவை கனைப்பார். குடையும் விரியுமுன் கனைத்தது. திரையில் அதைப் பார்த்து எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பவரும் அவர்தான். "எங்கதான் பிடிக்கிறியோ இந்த மாதிரி ஆளுங்களை" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். உண்மையைப் போட்டு உடைத்துவிடப் போவதாக அவள் தங்கை அடிக்கடி மிரட்டுகிறாள்.

சிக்கல் காண்டாமிருகத்தில் வந்தது. அதன் முதுகிலேயே குடியிருந்த சின்னப் பறவை ஒருநாள் பறந்துபோய்விடுகிறது. கடைசிக் காட்சியில் காண்டாமிருகம் வருத்தப்பட வேண்டும், வசனம் கிடையாது. அழவைத்தாள், ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. தலையைக் குனியவைத்தாள், புல் மேய்கிற மாதிரி இருந்தது. குறும்படப் போட்டிக்கு அனுப்பவேண்டிய கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் கணவரைப் பார்த்து வரைந்துவிடலாம் என்றால், கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷர் வருத்தப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

சரி, நாமே வருத்தப்பட வைப்போம் என்று களத்தில் இறங்கினாள். அவருடைய ஸ்கூட்டரைச் சுவரில் இடித்துவிட்டதாகப் பொய் சொன்னாள். உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டுவிட்டு அவர் செய்தித்தாளைப் புரட்டினார். அவர் ஆசையாகப் போட்டுக்கொள்ளும் பழைய சட்டையைக் கிழித்து மேஜை துடைத்தாள்; நன்றாகத் துடைக்கிறதே என்று பாராட்டினார். வெங்காயம் உரிக்கச் சொன்னாள். தாரை தாரையாகக் கண்ணீர் வந்தது, முகம் மட்டும் பாட்டு கேட்கிற முகமாகவே இருந்தது.

இந்த நிலையில் வெளியூர் ஸ்டுடியோ ஒன்று பெரிய படத்தில் வேலை செய்ய அவளை ஆறு மாதத்துக்குக் கூப்பிட்டது. இது பொய்யில்லை. தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னாள்.

"அட, தாராளமா போயிட்டு வா. நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று அவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கப் போய்விட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. படம் கிடக்கட்டும், இத்தனை வருஷம் கூட இருந்தவள் ஆறு மாதம் இருக்கமாட்டாள் என்றால் மனுஷருக்கு ஒரு முகவாட்டமாவது வேண்டாமா? காண்டாமிருகத் தோல் என்று சும்மாவா சொல்கிறார்கள் என்று அன்று முழுக்கப் பொருமினாள்.

கிளம்புகிற அன்று, முடியாத படத்தையும் கணினியோடு எடுத்து வைத்தாள். பெட்டி அடுக்குவதை அவரே ஏற்றுக்கொண்டார். பார்சல் விஷயத்தில் அவருக்கு வேறு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. ஸ்வெட்டரைச் சுருட்டினார், வண்ணப் பென்சில்களைக் காலுறைக்குள் செருகினார், தலைவலி மாத்திரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். மூடி எழும்பிக்கொண்டு நின்றதால் மேலே ஏறி உட்கார்ந்து, ஜிப்பைச் சுற்றி இழுத்துப் பூட்டினார்.

பூட்டிய பின்னும் உட்கார்ந்தே இருந்தார்.

எதிரே வெறும் சுவர். தோள்கள் சட்டைக்குள் கொஞ்சம் இறங்கியிருந்தன. கட்டைவிரல் முழங்காலில் ஏதோ கறையைத் தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தது. அங்கே கறை எதுவும் இல்லை. கதவருகே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, மாதக்கணக்காகத் தேடியது இதுதான் என்று. கிடைத்துவிட்ட சந்தோஷம் மட்டும் வரவில்லை.

"பூட்டியாச்சே, எழுந்திரிங்க" என்றாள்.

"இரு. இன்னும் கொஞ்சம் அமுங்கணும்" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.

கீழே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"தள்ளுங்க. ஒருத்தர் வெயிட்டுக்கு அமுங்காது" என்று சொல்லி, பெட்டியின் மறுபாதியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.