எங்கள் மில் டீமின் பதிமூன்றாவது ஆள்

1. மேனேஜர் கேட்ட பட்டியல்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். மில்லின் கூடைப்பந்து டீமுக்கும் நான்தான் பொறுப்பு. பன்னிரண்டு ஆட்டக்காரர்கள். வெளியே உட்கார்ந்திருப்பவர்களை இறக்கினாலே மற்ற மில்களின் முதல் ஐந்து பேர் திணறுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சாயங்காலப் பயிற்சிக்காக அவர்களுக்கும் எனக்கும் நிரந்தரமாகப் பகல் ஷிப்ட். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, இனிமேல் உன்னையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு பேருக்குத்தான் அந்தச் சலுகை, ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்திக் கொடு, கடைசி ஆள் எல்லாரையும் போல ஷிப்ட் மாறி வரட்டும் என்றார். ஷிப்ட் மாறினால் பயிற்சி போச்சு. பயிற்சி போனால் டீமில் இடமும் போச்சு.

2. மில்காரன் புத்தி

எந்த மெஷினில் எவ்வளவு நூல் இறங்கியது என்று பார்த்தே பழகியவன் நான். அதே புத்தியில் யார் எத்தனை கூடை போட்டார் என்று எண்ணி வரிசை போட்டேன். செல்வராஜ் முதலிடம். வேடசந்தூரிலிருந்து சைக்கிளில் வருகிற ஆரோக்கியம் பன்னிரண்டாவது. மில்லில் அவர் பீசர், அறுந்த இழையை ஒட்டுகிற வேலை.

பட்டியலைப் பார்த்துவிட்டு செல்வராஜே என்னிடம் வந்தார்.

“சார், கூட போடுறது நான்தான். எதிராளிகிட்ட இருந்து பந்தப் புடுங்கி என் கைக்குக் கொண்டாறது யாரு? பீசர் இல்லாம மெஷினு ஓடுமா?”

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தேன். தோற்கிற ஆட்டம், கடைசி ஐந்து நிமிடம், உங்களோடு யார் நாலு பேர் நிற்க வேண்டும், எழுதுங்கள் என்றேன். ஆரோக்கியத்தின் சொந்தச் சீட்டைத் தவிர பதினொன்றிலும் அவர் பெயர் இருந்தது. ஒரு சீட்டிலாவது வராத ஆட்டக்காரர் யாருமே இல்லை.

3. கடைசிப் பெயர்

“அப்ப யாரத்தான்யா ஷிப்டுக்கு அனுப்புறது?” என்றார் மேனேஜர்.

“எந்தச் சீட்டுலயும் இல்லாத பேரு ஒண்ணு இருக்கு சார். என் பேரு.”

அவர் என் பெயரை ஷிப்டுப் பட்டியலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வருடம் கோயம்புத்தூரில் எங்கள் டீம் கோப்பை வாங்கியபோது நான் டைம் ஆபீசில் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த ஆரோக்கியம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், நீங்க இல்லாமயே செயிச்சுட்டோம்.”

ஒரு டீமை உருவாக்கியவனுக்கு அதைவிட நல்ல சர்டிபிகேட் கிடையாது.