இருபத்திரண்டு படிகள்

அண்ணன் மருத்துவமனையில் இருந்த ஏழு மாதங்களைப் பற்றி உறவினர்களும் நண்பர்களும் பலமுறை கேட்டீர்கள். அப்போது யாருக்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. முதலாம் ஆண்டு நினைவாக உங்கள் கைக்கு வரும் இந்த மலரில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் ஸ்ரீராம்புரத்தில் பிறந்தார். பத்தாவது படிக்கும்போது அப்பா காலமானதால் கம்பெனி பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்து, பின்னர் டிரைவரானார். பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் அந்த வண்டியை, யாராவது ஓடி வருவது தெரிந்தால் எடுக்கமாட்டார். அதற்காக இரண்டு முறை மெமோ வாங்கினார். என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தவர் அவர்தான். படித்தவள் என்பதாலேயே டாக்டர்களிடம் பேசி முடிவெடுக்கும் பொறுப்பை அண்ணி என்னிடம் விட்டார்.

சாதாரணக் காய்ச்சலாகத்தான் தொடங்கியது. நான்காம் நாள் இரண்டு நுரையீரலிலும் நிமோனியா என்றார்கள். நாற்பது நாள் வென்டிலேட்டர். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் ஸ்டீயரிங் பிடித்த அந்தக் கைகளால் ஒரு தம்ளரைத் தூக்க முடியவில்லை.

பிறகு மறுவாழ்வுச் சிகிச்சைக்கென்று வேறொரு மருத்துவமனையில் சேர்த்தோம். உட்காரவும் விழுங்கவும், இருமவும்கூட அங்கே புதிதாகக் கற்றார். "நிதானா, அண்ணா, நிதானா" என்று கன்னடத்தில் சொல்லிச் சொல்லி, பிசியோதெரபி மேடம் அவரை மூச்சிழுக்க வைப்பார். குழாயில் பேசுவதற்கான மூடியைப் பொருத்திய அன்று அண்ணன் முதலில் கேட்டது, "வண்டிய யாரு ஓட்டுறாங்க?" என்பதுதான். அண்ணி அன்று சிரித்தார்.

ஐந்தாம் மாதம் குழாயை எடுத்தார்கள். ஆக்ஸிஜன் மிஷினோடு வீட்டுக்குப் போகலாம், ஆனால் படி ஏறக்கூடாது என்றார் டாக்டர். எங்கள் வீடோ மாடியில், இருபத்திரண்டு படிகள்.

"பாப்பா, கீழ எங்கனா ஒரு ரூம் பாரும்மா. வந்துடறேன்" என்றார் அண்ணன்.

"இன்னும் ஒரு மாசம்ணா. நம்ம வீட்டுக்கே நீ ஏறி வந்துடுவ" என்றேன்.

அவர் மறுநாளே படிப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும்படி மேடத்திடம் கேட்டிருக்கிறார். முதலில் நான்கு படி. பிறகு ஒன்பது. ஒவ்வொரு படிக்கும் நின்று, கைப்பிடியில் நெற்றியை வைத்து இளைப்பாறுவார். நான் சொன்ன ஒரு மாதம் இரண்டானது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை போன் செய்தார்.

"இருபத்திரண்டும் ஏறிட்டேன் பாப்பா. நாளைக்குக் கூட்டிட்டுப் போறியா?"

திங்கட்கிழமை பெரிய டாக்டர் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை மறுபடியும் வென்டிலேட்டர். ஒன்பதாம் நாள் அண்ணன் இறந்தார்.

வீட்டில் இருந்திருந்தாலும் அந்தத் தொற்று வந்திருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். வந்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு மாதமும் அவர் அண்ணியின் பக்கத்தில் இருந்திருப்பார். அவ்வளவு பாடுபட்டு மூச்சுவிடக் கற்றுக்கொண்டது என்னத்துக்கு என்று இந்த ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஆறுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

இறுதிச் சடங்கன்று சீருடையோடு வந்து நின்ற பிசியோதெரபி மேடத்துக்கும், வாரந்தவறாமல் அவருக்குச் சவரம் செய்துவிட்ட வார்டு உதவியாளருக்கும், ஷிஃப்ட் முடிந்து முறைவைத்துத் துணையிருந்த டிரைவர் நண்பர்களுக்கும், சாப்பாடு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி.

கீழே ஒரு அறை பார்க்கச் சொல்லி அண்ணன் கேட்டபோது அண்ணியும் கட்டிலருகில்தான் இருந்தார். இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

— தங்கை